பதினேழாம் கேள்வி தங்கிய வீடு

நல்லான்பேரி முன்சீப் கோர்ட்டின் நாற்பத்தொன்றாம் நம்பர் வழக்குக் காகிதங்களை விட்டுப் பத்தொன்பது கேள்விகள் இறங்கி ஊருக்குள் போன வருஷத்தில், மழை வழக்கம்போலத் தாமதமாகத்தான் வந்தது, பஸ் ஸ்டாண்டுக் கடிகாரம் வழக்கம்போல நாலேகாலில்தான் நின்றது, வக்கீல் குற்றாலநாதனும் வழக்கம்போலத் தம் எதிர்க்கட்சி வக்கீல் எஸ்தர் ஜெபமலரோடு ஒரே ஆட்டோவில்தான் கோர்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். இருவரும் ஒரே சீனியரிடம் தொழில் படித்தவர்கள். காலையில் ஒரே ஆட்டோ, பத்தரை மணிக்கு மேல் கீரியும் பாம்பும், ஒன்றரை மணிக்குக் கேண்டீனில் ஒரே மேசை, ஒரே ஊறுகாய். இருபது வருஷமாக இதில் மாற்றமில்லை. அவர் மைனர் செயின் போட்ட கட்சிக்காரர்களுக்கு ஆஜராவார், அந்தம்மா அழுதுகொண்டு வருகிறவர்களுக்கு ஆஜராவார் என்று கோர்ட் வாசல் டீக்கடையில் ஒரு பேச்சு உண்டு. அது முழுக்கச் சரியில்லை. குற்றாலநாதனின் கட்சிக்காரர்களும் அழுவார்கள், ஃபீஸ் கேட்கும்போது.

ஒரு வக்கீல் எதை எழுதிக் கோர்ட்டில் கொடுத்தாலும் அதன் நகலை எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் கொடுத்து, 'நகல் பெற்றேன்' என்று கையெழுத்து வாங்க வேண்டும். வாங்கி, படித்து, பிறகு கையெழுத்துப் போடுவது சட்டம். இவர்கள் இருவருக்குள்ளும் கையெழுத்து முதலில், நகல் சாயங்காலம், படிப்பது கடவுள் சித்தம். ஒருவர் மேல் ஒருவர் வைத்திருந்த நம்பிக்கை அப்படி. அதைப் பார்த்துத்தான் இளம் வக்கீல்கள் பெருமூச்சு விடுவார்கள்.

அப்படித்தான் அந்தப் பத்தொன்பது கேள்விகளும் வந்தன. சிவில் வழக்கில் ஒரு தரப்பு இன்னொரு தரப்புக்கு எழுத்து மூலம் கேள்விகள் அனுப்பி, கோர்ட் அனுமதித்தால், சத்தியப் பிரமாணமாகப் பதில் கேட்கலாம். ஜெபமலர் மூன்று வாரம் உட்கார்ந்து அந்தக் கேள்விகளை எழுதியிருந்தார். ஒவ்வொன்றையும் அடித்து, திருத்தி, வாய்விட்டுப் படித்துப் பார்த்து, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதுபோலத் தலைவாரி அனுப்பியிருந்தார். குற்றாலநாதன் ஆட்டோ குலுக்கலில், முழங்கால் மேல் வைத்து, 'நகல் பெற்றேன்' என்று கையெழுத்துப் போட்டார். அடுத்த வாய்தாவில் அவருடைய குமாஸ்தா சொரிமுத்து, பதினாலு வருஷமாகக் கம்ப்யூட்டரில் வைத்திருந்த ஆட்சேபணையில் பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றித் தாக்கல் செய்தார். 'வினாக்கள் யாவும் வழக்குக்குச் சம்பந்தமற்றவை; தொல்லை தரும் ஒரே நோக்கத்தில் கேட்கப்பட்டவை; பதில் சொல்லத் தேவையற்றவை. வினாக்களில் கண்ட ஆவணம் எதுவும் பிரதிவாதியின் வசம் இல்லை.' ஒரு கேள்வியைக்கூட எதிர்த்தரப்பில் ஒருவரும் படித்திருக்கவில்லை.

வழக்கு என்னவோ சின்ன வழக்குதான். ஆதிமூலம் என்று ஒரு பெரியவர். தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிள்ளையில்லாத அவரும் அவர் மனைவியும், நாலு வயதில் யாருமில்லாமல் நின்ற செண்பகக்கனியை வீட்டுக்குக் கூட்டிவந்து வளர்த்தார்கள். அந்த வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டு, அதில்தான் அவள் பிழைத்து, அந்த இரண்டு பேரையும் கடைசிவரை பார்த்துக்கொண்டாள். பெரியவர் போன பிறகு, அவருடைய தம்பி மகன் தளவாய் வந்து, வீடு எனக்குத்தான் சேரும், இவள் வீட்டு வேலைக்கு நின்ற பிள்ளை என்று சொல்லிவிட்டான். செண்பகக்கனிக்கு ஜெபமலர். தளவாய்க்குக் குற்றாலநாதன்.

ஆட்சேபணை தாக்கலான மறுவாரம் திங்கட்கிழமை பெஞ்ச் கிளார்க் வழக்குக் கட்டைப் பிரித்தபோது வினாப் பட்டியலில் ஒன்று முதல் பத்தொன்பது வரை நம்பர்கள் மட்டும் இருந்தன. நம்பருக்கு எதிரே வெள்ளைக் காகிதம். குற்றாலநாதனின் நகலும் அப்படித்தான், ஜெபமலரின் கம்ப்யூட்டரும் அப்படித்தான். பெஞ்ச் கிளார்க் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பதிவேட்டில் 'வினாக்கள் காணவில்லை, நம்பர்கள் பத்திரமாக உள்ளன' என்று எழுதிவிட்டு அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்.

வினாக்கள் எங்கும் ஓடிப்போய்விடவில்லை. அன்று மத்தியானத்துக்குள், ஒன்றைத் தவிர, மற்றவை எங்கெங்கே இருக்கின்றன என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாது, கையில் பிடிபடாது, ஆனால் அடுப்பு எரிகிற வீட்டில் அடுப்பு எந்தப் பக்கம் என்று தெரிவதுபோல, கேள்வி உட்கார்ந்திருக்கிற இடம் தெரியும். பக்கத்தில் போனால் உங்கள் குரலிலேயே உங்கள் காதுக்குள் கேட்கும். உண்மையைச் சொன்னால் பேசாமல் இருந்துவிடும். பொய் சொன்னால் மறுபடி கேட்கும். பதில் சொல்லாமல் வந்த வழியே திரும்பிப் போகலாம், அதற்குத் தடையில்லை. முன்னால் ஒரு அடி வைக்கவோ அடுத்த காரியத்துக்குக் கை நீட்டவோ முடியாது. அவ்வளவுதான் அதன் சட்டம்.

முதல் கேள்வி, 'உமது பெயர் என்ன, தகப்பனார் யார்?' என்பது, தூரம் போகச் சோம்பல்பட்டதுபோலக் கோர்ட்டின் பெரிய கேட்டிலேயே உட்கார்ந்துகொண்டது. உள்ளே போகிறவரையும் கேட்டது, வெளியே வருகிறவரையும் கேட்டது. 'குற்றாலநாதன், தகப்பனார் சங்கரலிங்கம்' என்று சொல்லிக்கொண்டே வக்கீல் தினமும் நுழைந்தார். செருப்பைத் தட்டுவதுபோல அது பழகிவிட்டது. நாலாவது, 'அன்று மாலை நீர் எங்கே இருந்தீர்?' என்பது பஸ் ஸ்டாண்டு வாசலில் தங்கியது. ஊரில் பாதி ஆண்பிள்ளைகள் ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடக்க ஆரம்பித்தார்கள், அவர்கள் மனைவிமார் கடைக்கு வந்த சாக்கில் பொட்டலமும் பையுமாகப் பஸ் ஸ்டாண்டுக்கே வந்து அழைத்துப்போக ஆரம்பித்தார்கள். ஆறாவது, 'இது உமது கையெழுத்துதானா?' கிராம நிர்வாக அலுவலகத்தில். அங்கே ஒரு வாரம் ஒரு சான்றிதழும் நகரவில்லை, அதற்கப்புறம் எல்லாச் சான்றிதழும் ஒரே நாளில் நகர்ந்தன. கல்யாணத் தரகர்கள் இரு வீட்டாரையும், அவர்கள் எழுதிக் கொடுத்த காகிதங்களோடு, ஜாதகம் பார்ப்பதற்கு முன்னால் அங்கேதான் கூட்டிப்போனார்கள். பன்னிரண்டாவது, 'அவர் சமைத்ததை நீர் சாப்பிட்டதுண்டா?' என்பது ஒரு ஓட்டலில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார, ஓட்டல்காரர் தம் கடை சாம்பாரைத் தாமே முதல்முறையாகச் சாப்பிட்டுப் பார்த்தார், மறுநாள் சாம்பார் மாறியது.

ஒன்பதாவது கேள்விதான் ஊருக்கே செல்லம். 'அந்தப் பெண் வீட்டுக்குள் வந்த நாள் உமக்கு நினைவிருக்கிறதா?' அது ஒரு பலசரக்குக் கடையில் தங்கியது. பெண்டாட்டியோடு பத்து வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத அந்தக் கடைக்காரர், தராசைத் தூக்கப் போய், தூக்க முடியாமல் நின்று, கிழமை சொன்னார், மழை பெய்ததைச் சொன்னார், சேலைக் கரையின் நிறத்தைச் சொன்னார். சொல்லிவிட்டுக் கடையைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். வரிசையில் நின்ற ஏழு பேரும் சாமான் வாங்காமலே சந்தோஷமாகத் திரும்பினார்கள். இப்படியாக ஊர் கேள்விகளோடு குடித்தனம் நடத்தப் பழகியது. விலாசம் கேட்டால் 'நாலாம் கேள்வி தாண்டி இடது கைப்பக்கம்' என்றார்கள். பூக்கடையில் இருந்த பதினாலாவது, 'கடைசியாக அவரைப் பார்க்கப் போனது எப்போது?' என்று கேட்டுக் கேட்டு, வெளியூர்ப் பஸ்களில் அந்த மாதம் நிற்க இடமில்லை.

கோர்ட்டில் மட்டும் சண்டை நடந்தது. கேள்விகள் போய்விட்டதால் பதில் சொல்லும் கடமையும் போய்விட்டது என்றார் குற்றாலநாதன். வீட்டை விட்டு வெளியே போன பிள்ளை அந்த வீட்டுப் பிள்ளை இல்லையா என்றார் ஜெபமலர். அப்படியானால் புதிதாக எழுதிக் கொடுக்கட்டுமே என்று முன்சீப் கேட்க, குற்றாலநாதன் எழுந்து, அதே கேள்வி ஊருக்குள் உயிரோடு நிலுவையில் இருக்கும்போது இன்னொரு தடவை எப்படிப் போட முடியும் என்று கேட்டார். மேற்கே எங்கிருந்தோ மாற்றலாகி வந்திருந்த முன்சீப் பேனாவைக் கடித்து யோசித்துவிட்டு, அது நியாயம்தான் என்று எழுதிக்கொண்டார். எழுதிவிட்டு, கேள்விகளை யாரும் இருக்கிற இடத்தை விட்டு நகர்த்தக் கூடாது என்று உத்தரவு போட்டு, அவை எங்கெங்கே உள்ளன என்று பார்த்து வர ஒரு இளம் வக்கீலைக் கமிஷனராக நியமித்தார்.

கமிஷனர் டேப்போடு ஊரெல்லாம் அலைந்து, வரைபடத்தோடு அறிக்கை கொடுத்தார். 'பன்னிரண்டாம் வினா ஓட்டல் கல்லாவுக்குக் கிழக்கே நான்கடியில் உள்ளது. என்னையும் கேட்டது. பதில் சொல்லிவிட்டுச் சாப்பிட்டு வந்தேன்' என்ற மாதிரி பதினெட்டுப் பாராக்கள். பத்தொன்பதாவது பாரா ஒரே வரி: 'பதினேழாம் வினா எங்கும் காணப்படவில்லை.'

பதினேழாம் வினா குற்றாலநாதன் வீட்டில் இருந்தது.

இறங்கின முதல் நாளே நேராக அவர் ஆபீஸ் ரூமுக்கு வந்து, பீரோவுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டது. அவர் நாற்காலியை இழுத்து, ஒரு பைலுக்குக் கை நீட்டினார். அவர் குரலிலேயே அவர் காதில் கேட்டது: 'ஆதிமூலம் உமக்கு எழுதிய கடிதத்தில் செண்பகக்கனியை யார் என்று குறிப்பிட்டார்? அந்தக் கடிதம் இப்போது யார் வசம் இருக்கிறது?' தளவாயைப் பார்த்துக் கேட்ட அந்தக் கேள்வியை அன்றுதான் அவர் முதல்முதலாக அறிந்தார். கடிதத்தை அவருக்கு முன்பே தெரியும். தளவாய் முதல் நாள் ஒரு மஞ்சள் பையில் கொண்டுவந்து கொட்டிய காகிதங்களில் அது இருந்தது. அவர் படித்தார், மடித்தார், 'இது நம்ம கேசுக்கு ஆகாது' என்றார், பீரோவில் வைத்துப் பூட்டினார். ஆவணம் பிரதிவாதி வசம் இல்லை என்று ஆட்சேபணையில் இருந்தது பொய்யும் இல்லை. வக்கீல் வசம்தானே இருந்தது. இந்த மாதிரி ஒரு சந்தில் புகுந்து வெளியே வருவதில் அவருக்கு உள்ளூர ஒரு பெருமை எப்போதும் உண்டு. கேள்விக்கு முன்னால் உட்கார்ந்தபோது அந்தப் பெருமை செல்லுபடியாகவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளி, வந்த வழியே திரும்பிப் போனார்.

அன்றிலிருந்து அவர் ஆபீஸ் சமையலறைக்கு மாறியது. ரூமில் கொசுத் தொல்லை என்று மனைவி ஆவுடையிடம் சொன்னார். மிக்ஸி பக்கத்தில் சட்டப் புத்தகம், அரிசி டின் மேல் வழக்குக் கட்டு. அப்படி எழுதின ஒரு மனுவை எடுத்துக்கொண்டுதான் அடுத்த வாய்தாவுக்குப் போனார். தேடியும் கிடைக்காத பதினேழாம் வினாவை வாதி கைவிட்டுவிட்டதாகக் கருதி, அதை வழக்கிலிருந்தே நீக்க வேண்டும் என்பது மனு. சாமர்த்தியமான மனு. முன்சீப் தலையை ஆட்டி, அடுத்த வாய்தாவில் உத்தரவு என்றார்.

கேண்டீனில் ஜெபமலர் ஊறுகாயைத் தொடவில்லை. மனுவின் நகலை மூக்கருகே கொண்டுபோனார்.

"அண்ணாச்சி, உங்க மனுவுல பெருங்காயம் மணக்கு."

"எல்லாம் உன் மூக்குல இருக்கு, மலரு. சாப்பிடு."

"பெரியவரு தளவாய்க்கு ஏதோ எழுதிப் போட்டாருங்கறது மட்டும் செண்பகத்துக்குத் தெரியும். அந்தப் பதினேழு ஒண்ணுக்காகத்தான் மத்த பதினெட்டையும் எழுதினேன். அது உங்களுக்குத் தெரியுமா?"

அவர் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். ஜன்னலுக்கு வெளியே, கேண்டீனுக்குப் பின்னால் இடிந்து கிடந்த காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி, ஒரு கையில் சேலைக் கொசுவத்தையும் ஒரு கையில் சாப்பாட்டுப் பையையும் பிடித்தபடி செண்பகக்கனி தடுமாறி இறங்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவள் அந்தச் சுவரேறித்தான் வருவதை அவர் பார்த்திருந்தார். வீட்டுக்குக் குறுக்கு வழிபோல என்று நினைத்திருந்தார்.

"எதுக்கு இந்தப் பிள்ள சுவரேறிக் குதிக்கு? கேட்டு வழியா வந்தா என்ன?"

"கேட்டுல ஒண்ணாம் நம்பர் உக்காந்திருக்குல்லா அண்ணாச்சி." ஜெபமலர் அவரைப் பார்க்காமல் சொன்னார். "தகப்பனார் யாருன்னு கேக்கும். மொத நாள் அங்க போயி நின்னுருக்கா. நின்னவ, வாயைத் திறக்காம திரும்பிட்டா. 'அப்பா பேரச் சொல்லி, அது மறுபடியும் கேட்டுட்டா என்னக்கா செய்வேன், அதுக்குப் பொறவு நான் யாரு'ன்னு என்கிட்ட கேட்டு அழுதா. நான் என்னத்தச் சொல்ல?"

குற்றாலநாதனுக்கு அன்று ஊறுகாய் இறங்கவில்லை. பாதியில் கை கழுவினார்.

வீட்டுக்குப் போனால் ஆவுடை ஆபீஸ் ரூமைப் பெருக்கிவிட்டு, துடைப்பத்தோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"ரூமுல கொசு ஒண்ணும் இல்லியே. கேள்விதான் இருக்கு."

"அப்படியா?" என்றார் அவர், அப்போதுதான் கேள்விப்படுகிற மாதிரி.

"யாரோ யாருக்கோ எழுதின கடிதாசி யார்கிட்ட இருக்குன்னு கேட்டுச்சு. எனக்கென்ன தெரியும், தெரியாதுன்னேன். விட்டுட்டுது. பெருக்கிட்டு வந்துட்டேன். நீங்களும் தெரியாதுன்னு சொல்லிட்டு ஒங்க நாற்காலியில உக்கார வேண்டியதுதானே? என் அடுப்படியாவது எனக்குக் கிடைக்கும்."

மறுத்தால் விஷயம் பெரிதாகும் என்று அவர் உள்ளே போனார். அவள் வாசலிலேயே நின்றாள். அவர் பீரோவின் முன்னால் நின்று, தொண்டையைச் செருமி, கோர்ட்டில் சொல்கிற அதே கம்பீரத்தோடு, "தெரியாது" என்றார். மேசைமேல் இருந்த பைலுக்குக் கை நீட்டினார். கை பாதி தூரத்தில் நின்றது. இன்னொரு முறை சொன்னார். விரல்கள் காற்றில் அப்படியே இருந்தன.

இருபத்தாறு வருஷத்தில் அவர் பொய் சொல்லி ஆவுடை நேரில் பார்த்தது அதுதான் முதல்முறை. துடைப்பத்தை மூலையில் சாத்திவிட்டுப் போய்ச் சோற்றைப் போட்டாள், குழம்பை ஊற்றினாள், எதிரில் உட்காராமல் பின்கட்டுக்குப் போய்விட்டாள். எதிர்த்தரப்பு வக்கீல் கூச்சல் போட்டால் அவருக்குப் பதில் சொல்லத் தெரியும். வெட்கமாக இருந்தது, சாப்பாடு மண்ணாக இருந்தது.

மறுநாள் காலை தளவாய்க்குப் போன் போட்டு வரச்சொன்னார். தளவாய் உரக்கடை வைத்திருக்கிறவன், பெரிய உருவம், உட்கார்ந்தால் நாற்காலி முனகும். அவனைப் பீரோவுக்கு எதிர் நாற்காலியில் உட்காரவைத்தார். ஆவுடை காபி கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். தளவாய் டம்ளருக்குக் கை நீட்டினான், கை நின்றது. முகம் மாறியது. ஊரில் எல்லாரையும்போல அவனுக்கும் அந்தச் சட்டம் தெரியும்.

"அப்படி ஒரு கடிதமே வரல," என்றான் காற்றைப் பார்த்து. கை நகரவில்லை.

"வந்துச்சு. கிழிச்சுப் போட்டுட்டேன்." கை நகரவில்லை. காபியில் ஆடை கட்டியது. ஆவுடை வந்து டம்ளரை எடுத்துப்போய்ச் சூடு பண்ணித் திரும்பக் கொண்டுவந்து வைத்தாள்.

"வேலைக்காரப் பிள்ளைன்னுதான் எழுதியிருந்தாரு." இதைச் சொல்லும்போது அவன் குரல் பாதியில் தேய்ந்தது. ஆவுடை மறுபடியும் டம்ளரை எடுத்தாள்.

"எந்திரிச்சி வந்த வழியே போயிரலாம் தளவாய்," என்றார் குற்றாலநாதன். "நானும் ரெண்டு மாசமா அப்படித்தான் போய்க்கிட்டு இருக்கேன். சமையல்கட்டுல உக்காந்து மனு எழுதுதேன்."

தளவாய் எழுந்திருக்கவில்லை. பெரிய உள்ளங்கையால் முகத்தைத் துடைத்தான்.

"மகள்னு எழுதியிருந்தாரு சார்," என்றான். "போதுமா? மகள்னு. பெரியப்பா ஆயுசுல எனக்கு எழுதினது அந்த ஒரு கடிதாசிதான். வாரத்துக்கு மூணு பேருக்கு எழுதுத மனுசன். எனக்கு ஒண்ணே ஒண்ணு. அதுலயும் நல்லா இருக்கியாடேன்னு ஒரு வார்த்த கெடையாது, முழுக்க அவளப் பத்தித்தான். அந்த வீட்டப் பாத்தாலே எனக்கு அந்தக் கடிதாசிதான் ஞாபகம் வருது."

சொல்லி முடித்ததும் கை தானாகப் போய் டம்ளரை எடுத்தது. சூடு பார்க்காமல் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்தான். கேள்வியின் இரண்டாம் பாதி அப்போது குற்றாலநாதனிடம் திரும்பியது. அவர், "என் வசம்தான் இருக்கிறது" என்றார். தடையில்லாமல் அவர் கை இடுப்புச் சாவியை எடுத்தது, பீரோவைத் திறந்தது.

"கோர்ட்டுல கொடுத்துரலாமா?" என்று கேட்டார். கட்சிக்காரன் சம்மதிக்காமல் கொடுக்க முடியாது. அந்த மட்டும் தொழிலுக்கு ஒரு மானம் உண்டு.

"கொடுங்க," என்றான் தளவாய். "எனக்கும் அவரு பெரியப்பாதானே."

பத்தொன்பது கேள்விகளுக்கும் அவன் வாயாலேயே பதில் சொல்ல, குற்றாலநாதன் தம் நாற்காலியில் உட்கார்ந்து, தம் மேசையில் வைத்து, சொரிமுத்துவின் கம்ப்யூட்டர் பக்கமே போகாமல் கையால் எழுதினார்.

வாய்தா அன்று ஆட்டோவில் நகலை நீட்டியதும், ஜெபமலர் பழக்கதோஷத்தில் பேனாவைத் திறந்தார். குற்றாலநாதன் காகிதத்தை விடவில்லை.

"படிச்சுட்டுப் போடு, மலரு."

"இது என்ன புதுசா?"

"படி."

ஆட்டோ பஸ் ஸ்டாண்டைத் தாண்டியது, ஓட்டலைத் தாண்டியது. பதினேழாவது பதிலுக்கு வந்ததும் ஜெபமலர் நிமிர்ந்தார்.

"உங்ககிட்டயா இருந்துச்சு?"

"ஆமா."

"வீட்டுல கேள்வியவும் வச்சுக்கிட்டு, கடிதாசியவும் வச்சுக்கிட்டு, கைவிடப்பட்டதுன்னு வாதாடினீயளே அண்ணாச்சி?"

"ஆமா."

ஜெபமலர் 'நகல் படித்துப் பெற்றேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, டிரைவரிடம் வண்டியை நிறுத்தச் சொல்லி, பாதி வழியில் இறங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு ஒரு மாதம் அவர் டவுன் பஸ்ஸில்தான் கோர்ட்டுக்குப் போனார். திரும்ப ஆட்டோவில் ஏறிய நாளிலும் தம் ஊறுகாயைத் தாமே தனியாகக் கொண்டுவந்தார். அது தமக்கு வேண்டியதுதான் என்று குற்றாலநாதனுக்கே தெரியும்.

கோர்ட்டில் முன்சீப், மற்றதெல்லாம் இருக்கட்டும், அந்தப் பதினேழை முதலில் படியுங்கள் என்றார். பெஞ்ச் கிளார்க் பதிலைப் படிக்கப் படிக்க, வெற்றுப் பட்டியலில் பதினேழு என்ற நம்பருக்கு எதிரே எழுத்துகள் வந்து உட்கார்ந்தன. அவர் கண்ணாடியைத் துடைக்கக்கூட இல்லை. குற்றாலநாதன் எழுந்து, கைவிடப்பட்டதாகக் கருதும்படி தாம் போட்ட மனுவை வாபஸ் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். பிறகு, "என் வசம் இருந்தது, கனம் கோர்ட்டார் அவர்களே" என்று கடிதத்தை நீட்டினார். மூன்று மடிப்பாக மடித்த சாதா நோட்டுத்தாள். பெஞ்ச் கிளார்க் உரக்கப் படித்தார்.

'தளவாய்க்கு, பெரியப்பா எழுதுவது. செண்பகத்தை வீட்டு வேலைக்கு நிற்கிற பிள்ளை என்று கல்யாண வீட்டில் நீ நாலு பேர் முன்னால் சொன்னதாகக் கேள்வி. அவள் என் மகள். இதை நான் யாருக்கும் எழுதிக் காட்ட வேண்டியதில்லை, உனக்கு எழுதுகிறேன். எங்களுக்குப் பின் வீடு அவளுக்கு. நீ அண்ணனாக அவள் கூட நின்று செய்து கொடு.'

பின் வரிசையில் செண்பகக்கனி சாப்பாட்டுப் பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். தளவாய் அவளைப் பார்க்கவில்லை. தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். வீடு யாருக்கு என்று தீர்ப்பு வர இன்னும் எத்தனை வாய்தாவோ. ஒரு கடிதத்தால் முடிகிற வழக்கு நல்லான்பேரியில் கிடையாது. முன்சீப் கடிதத்தில் நம்பர் போட்டு, மீதிப் பதினெட்டுப் பதில்களைச் சாப்பாட்டுக்குப் பிறகு கேட்கலாம் என்று எழுந்தார்.

மீதிக் கேள்விகள் அதுவரை ஊரில்தான் இருக்கும். இது விளங்கியவர்கள் பலசரக்குக் கடைக்கு ஓடினார்கள், ஒன்பதாம் கேள்வியிடம் கடைசியாக ஒரு தடவை பதில் சொல்லிவிட்டு வர. செண்பகக்கனி வராந்தாவில் வந்து நின்றாள். கேண்டீன் பக்கம், இடிந்த சுவரைப் பார்த்தாள். பிறகு பெரிய கேட்டைப் பார்த்து நடந்தாள்.

ஜெபமலர் கூடப் போகக் காலெடுத்து, நின்றுவிட்டார். குற்றாலநாதன் தூணருகே நின்றார். கேட்டுக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரோடு திரும்பினார்கள். கேட்டருகே வந்து செண்பகக்கனி நின்றாள். காதில் கேட்டுவிட்டது என்பது அவள் கழுத்தில் தெரிந்தது. குற்றாலநாதன், இருபத்தெட்டு வருஷத் தொழிலில் எந்தத் தீர்ப்புக்கும் கும்பிடாதவர், இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"செண்பகக்கனி," என்றாள் அவள். சத்தம் எழும்பவில்லை. பையைக் கை மாற்றிக்கொண்டாள். "தகப்பனார் ஆதிமூலம்."

ஒரு காக்கை கத்தியது. டீக்கடையில் யாரோ பாய்லரைத் திருகி அடைத்தார்கள்.

செண்பகக்கனி வலது காலைத் தூக்கிக் கேட்டுக்கு வெளியே வைத்தாள். கால் போயிற்று. இடது காலும் போயிற்று.